தாராசுரம் 64 படங்கள்: மெதுவான நெட்டில் பார்ப்பவர்களுக்காக ஒரு வேண்டுகோள்

மலைமுகடு | செவ்வாய், இரவு 9.10

கல்லெழுத்து அண்ணன் இந்தக் குழுமத்தில் 64 படங்களோடு போட்ட தாராசுரம் கோயில் பயணத் திரியை (தொடர் பதிவை) மூன்று நாளாகத் திறக்கப் பார்க்கிறேன். அவர் எழுதுவதை ஒன்று விடாமல் படிப்பவன் நான், அதனால்தான் விடாமல் முயல்கிறேன்.

நான் இருப்பது வால்பாறையிலிருந்து இன்னும் உள்ளே, எஸ்டேட் லைன் வீட்டில். வீட்டுக்குள் டவர் எடுக்காது. ஃபேக்டரிக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது, அங்கே ஏறினால் ஒரு கோடு. மழை இல்லாத நாளில் இரண்டு கோடு. வேலை முடிந்து அங்கே போய் உட்கார்ந்துதான் இதையெல்லாம் படிக்கிறேன்.

முதல் படம் கோயில் விமானம் (கருவறைக்கு மேலுள்ள கோபுரம்) என்று நினைக்கிறேன். மேலிருந்து கீழாக வந்தது. கலசம் தெரிந்தது, அதற்குக் கீழே ஒரு நிலை தெரிந்தது, அதோடு நின்றுவிட்டது. மற்ற இடமெல்லாம் வெறும் கட்டம். நடுவில் அண்ணன் எழுதியிருப்பதையாவது படிக்கலாம் என்றால், படிக்கப் படிக்கப் பக்கம் கீழே கீழே ஓடுகிறது. எந்த வரியில் விட்டேன் என்று தேடுவதற்குள் இன்னொரு கட்டம் விரிகிறது.

குறை சொல்ல வரவில்லை. அந்தப் படங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கும் தெரிகிற மாதிரி படம் போட வழி இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லெழுத்து | செவ்வாய், இரவு 9.48

தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள். கேமராவிலிருந்து எடுத்ததை அப்படியே ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் 8 எம்பி பக்கம் வரும்.

தெரிந்தேதான் பெரிதாகப் போட்டேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிப் பெரியபுராணக் காட்சிகளைச் சின்னச் சின்னப் பலகைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். உயரமும் குறைவுதான். மேலே அந்தந்த அடியாரின் பெயரைக் கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் இராசராசன் காலத்து எழுத்து. படத்தைச் சுருக்கினால் முதலில் போவது அந்த எழுத்துதான். வாட்ஸாப்பில் அனுப்பிப் பார்த்திருக்கிறேன், வெறும் கீறலாகத் தெரிகிறது. பெயர் படிக்க முடியாத பலகையைப் போட்டு என்ன பயன் என்றுதான் முழு அளவில் கொடுத்தேன்.

நெசவாளி | செவ்வாய், இரவு 10.31

இணையதளம் கட்டுவதுதான் எனக்கு வேலை. முதலில் கணக்கைச் சொல்கிறேன்.

64 படம், ஒன்றுக்கு 8 எம்பி என்றால் 512 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ் செய்திருப்பவருக்கு அன்றைய டேட்டாவில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே பக்கத்தில் போய்விடும். அந்த 1.5 ஜிபி தீர்ந்த பிறகு பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆக இறங்கிவிடும். 64 என்றதும் ஏதோ இருக்கிறதே என்று தோன்றும். அது பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். பைட்டில் சொன்னால் விநாடிக்கு 8 கேபி. ஒரு 8 எம்பி படம் முழுதாக வர சுமார் 17 நிமிடம், 64 படமும் வர ஏறத்தாழ 18 மணி நேரம். மேட்டில் ஒரு கோட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வேகம் இதைவிட எவ்வளவு அதிகமாக இருந்துவிடும்?

வேகத்தோடு இன்னொன்றும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. 8 எம்பி என்பது சுருட்டி மடித்த அளவு. போன் அதைத் திரையில் காட்ட விரித்தாக வேண்டும். 6000க்கு 4000 பிக்சல் படத்தை, பிக்சலுக்கு 4 பைட் என்று விரித்தால் 96 எம்பி. பத்துப் படம் விரிந்தால் கிட்டத்தட்ட 1 ஜிபி. 2 ஜிபி ரேம் உள்ள போனில் பிரவுசர் தாங்காமல் மூடிக்கொள்ளும், அல்லது பக்கத்தை முதலிலிருந்து ஏற்ற ஆரம்பிக்கும். வந்ததெல்லாம் போய் மறுபடி வரும். மலைமுகடு மூன்று நாளாகப் பார்ப்பது இதுவாகவும் இருக்கலாம்.

சிலர் படத்தைச் சின்னதாகக் காட்டு என்று அகலத்தை மட்டும் குறைத்துப் பதிவார்கள். அது உதவாது. திரையில் தீப்பெட்டி அளவில் தெரிந்தாலும் உள்ளே இறங்குவது அதே 8 எம்பிதான். கோப்பையே சுருக்க வேண்டும்.

சேலம்_ரவுண்டானா | புதன், காலை 7.05

2016க்குப் பிறகு டேட்டா விலை எவ்வளவு கீழே போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது டீக்கடையில்கூட வீடியோதான் ஓடுகிறது. நாலு பேருக்காக நல்ல படத்தையெல்லாம் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? வேகம் குறைந்தவர்கள் ஓப்பரா மினி போட்டுக்கொள்ளலாம், அதுவே சுருக்கிக் கொடுக்கும். இதை மனதார ஒரு கருத்தாகவே சொல்கிறேன், யாரையும் புண்படுத்த அல்ல.

தூத்துக்குடி_மாலுமி | புதன், காலை 7.52

அந்த நாலு பேரில் நான் ஒருத்தன். இப்போது விடுப்பில் வீட்டில் இருப்பதால் உடனே பதில் எழுத முடிகிறது.

நான் போன கப்பல்களில் எல்லாம் நெட் சாட்டிலைட் வழியாகத்தான். ஆளுக்கு இத்தனை எம்பி என்று அளந்து கொடுப்பார்கள். தீர்ந்தால் சம்பளத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வாட்ஸாப்பில் நாலு வார்த்தை எழுத, பிள்ளையின் ஒரு போட்டோ பார்க்க என்று அதைப் பொத்திப் பொத்தி வைப்போம். ஒருமுறை ஊர்க் குழுவில் யாரோ பனிமய மாதா கோயில் தேர்ப் படம் நாற்பதை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். வாட்ஸாப்பில் தானாக இறங்குவதை நான் நிறுத்தி வைக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அந்த வாரத்துக்கான பங்கு முடிந்திருந்தது. தேரைப் பார்த்ததில் சந்தோஷம்தான். அந்த வாரம் மகளுடன் பேசவில்லை.

போட்டவர்மேல் கோபம் இல்லை. 40 படம் என்றால் கடலில் ஒருவனுக்கு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

வங்கக்கடல் | புதன், காலை 8.20

அந்தமான் போர்ட்பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). சென்னையிலிருந்து இங்கே கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில்தான், மற்ற தீவுகளுக்குப் போகும் கிளைகளையும் சேர்த்துச் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் எங்களுக்கும் சாட்டிலைட்தான். அதில் எத்தனை எம்பி என்பதைப் போலவே எத்தனை படம் என்பதும் முக்கியம். சாட்டிலைட் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கேட்பது மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய் நம்மிடம் வர அரை விநாடிக்கு மேல் ஆகும், எவ்வளவு சின்னப் படமாக இருந்தாலும். ஒரே பக்கத்தில் 64 படம் என்றால் அத்தனை நடை.

ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் படம் அனுப்பிய பிறகு போன் செய்து யார் யார் எப்படி நின்றார்கள் என்று வாயால் சொல்லச் சொல்லிக் கேட்போம். அந்தப் பழக்கம் அம்மாவுக்கு இன்னும் போகவில்லை.

பழைய_மோடம் | புதன், காலை 9.14

1990களின் கடைசியில் டயல்-அப் வைத்திருந்தவன் நான். அப்போது நான் படித்த ஆங்கிலக் குழுமங்களில் நல்ல பழக்கம் ஒன்று இருந்தது. படம் நிறைய இருந்தால் தலைப்பிலேயே '56 கே எச்சரிக்கை' என்று போட்டுவிடுவார்கள். 56 கே மோடம் வைத்திருப்பவர் அதைப் பார்த்ததும் உள்ளே போகலாமா, ராத்திரி போகலாமா என்று முடிவு செய்துகொள்வார். இப்போதும் '64 படங்கள், மொத்தம் 512 எம்பி' என்று தலைப்பில் எழுதினால் போதும். ஒரு வரிதான்.

கிளிநொச்சி_வாசகன் | புதன், காலை 10.02

வணக்கம் அண்ணையாக்கள். மேலே சொன்ன பழக்கம் இப்பவும் ஓரிடத்திலை இருக்குது. 'நூலகம்' எண்ட இணையத்தளத்திலை எங்கடை ஈழத்துப் பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள் எல்லாம் ஸ்கான் பண்ணிப் பிடிஎஃப்பாப் போட்டிருக்கினம். சுட்டிக்குப் பக்கத்திலையே எத்தினை எம்பி எண்டு எழுதியிருக்கும். நான் நாளுக்கு நாள் சின்னப் பக்கேஜ் போட்டுப் பாவிக்கிற ஆள். அந்த எண்ணைப் பாத்துத்தான் இண்டைக்கு இறக்கிறதோ, நாளைக்கு இறக்கிறதோ எண்டு யோசிப்பன். 90 எம்பி புத்தகமும் இறக்கியிருக்கிறன், தெரிஞ்சு இறக்கினபடியால் மனவருத்தம் இல்லை. தெரியாமல் போறதுதான் நோகும்.

நெசவாளி | புதன், காலை 10.40

சேலம் நண்பர் கேட்டதற்கு. ஓப்பரா மினி நல்லதுதான், அதன் சர்வர் நடுவில் நின்று சுருக்கி அனுப்புகிறது. குரோமிலும் இப்படி ஒரு வசதி இருந்தது, 2022ல் எடுத்துவிட்டார்கள். பார்ப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழி தேடுவதைவிட, போடுபவர் ஒருமுறை சுருக்குவது எளிது. அதுவும் படம் 'கெட்டுப்போகும்' என்பது அளவை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. 1200 பிக்சல் அகலம், ஜேபெக் (வழக்கமான போட்டோக் கோப்பு வகை) தரம் 75 அல்லது 80. போன் திரையில் மூலப் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. கோப்பு 200, 250 கேபி ஆகிவிடும். வானம், வெள்ளைச் சுவர் என்றால் இன்னும் இறங்கும். கருங்கல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதன் சொரசொரப்பான மேற்பரப்பு முழுக்க நுணுக்கம்தானே, எளிதில் சுருங்காது.

விண்டோஸில் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருள் இருந்தால் 'B' விசையை அழுத்துங்கள், 64 படத்தையும் ஒரே முறையில் சுருக்கலாம். போனில் என்றால் ஸ்குவூஷ் தளம். படம் வெளியே எங்கும் போகாமல் நம் போனிலேயே சுருங்கும். 'ப்ரோகிரசிவ்' என்ற தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் சேமித்த ஜேபெக் மேலிருந்து வரிவரியாக வராது. முழுப் படமும் மங்கலாக முதலில் வந்து போகப் போகத் தெளியும். மலைமுகடுக்குக் கலசத்தோடு நின்ற விமானம், பாதியில் நெட் போயிருந்தாலும், முழு விமானமாகத் தெரிந்திருக்கும்.

ஐபோன்காரர்கள் 'ஹெயிக்' (HEIC) கோப்பாகவே ஏற்றிவிடாதீர்கள், பல பிரவுசர்களில் திறக்காது.

சேலம்_ரவுண்டானா | புதன், பகல் 12.15

ரேம் கணக்கு எனக்குப் புதிது. என் அப்பாவின் போனில் நான் அனுப்பும் சுட்டிகள் எல்லாம் மூடிக்கொள்வது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. மாலுமி அண்ணன் சொன்னதும் மனதில் நிற்கிறது. கல்வெட்டு விஷயத்தில் மட்டும் கல்லெழுத்து அவர்கள் பக்கம்தான் இன்னும் இருக்கிறேன். எழுத்து தெரிய வேண்டும்.

ஒன்றாம்வகுப்பு_டீச்சர் | புதன், மாலை 5.30

கிராமத்து அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். 2020 ஊரடங்கில் நான் செய்த தவறை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து, பெற்றோர் குழுவில் அனுப்பினேன். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்ட்டாக வேறு அனுப்பினேன். ஒரு பக்கம் 3 எம்பி, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம். பிள்ளைகள் அனுப்பவே இல்லை. படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் ஒரு பையனின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் வழியில் நின்று சொன்னார்: "டீச்சர், அவங்கப்பா போன்ல ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் புள்ள பாக்க முடியும். அதுக்குள்ள நெட்டு காலியாயிருது. வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது."

அன்றிலிருந்து தட்டச்சு செய்து செய்தியாகவே அனுப்பினேன். யூனிகோடில் தமிழ் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். 'கா' என்றால் ககரம் 3, துணைக்கால் 3. அப்படிப் பார்த்தாலும் 200 சொல் கொண்ட ஒரு பக்கம் ஏறத்தாழ 5 கேபிதான். அதே பக்கத்தின் போட்டோ 3 எம்பி. அறுநூறு மடங்கு. படம் வரைந்து காட்ட வேண்டியதை மட்டும் போட்டோ எடுத்தேன், நோட்டின் ஓரம், மேசை, என் விரல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு.

செய்தித்தாள் துணுக்கையும் கவிதையையும் படமாகப் போடுபவர்கள் தயவுசெய்து தட்டச்சு செய்து போடுங்கள்.

செவிவழி | புதன், மாலை 6.18

டீச்சர் அம்மா சொன்னதோடு என் பங்கும். எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள்களை, கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக், வைத்துப் படிக்கிறேன். எழுத்தைப் படமாகப் போட்டால் என் கருவி 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். சில நேரம் கோப்பின் பெயரை வாசிக்கும், ஐஎம்ஜி அடிக்கோடு 4471 என்று. 64 முறை அப்படிக் கேட்டேன் தாராசுரம் திரியில்.

படத்துக்கு மாற்று உரை எழுதும் பெட்டி ஒன்று இருக்கும். அதில் 'காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பம்' என்று எழுதினால் எனக்குக் கோயில் தெரியும். மலைமுகடு தம்பிக்கும் உதவும், படம் வராத இடத்தில் பிரவுசர் அந்த வரியைத்தான் காட்டும். வெறும் கட்டத்துக்குப் பதில் அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தால், அதற்காகக் காத்திருக்கலாமா என்று அவர் முடிவு செய்யலாம்.

கல்லெழுத்து | புதன், இரவு 9.05

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மாலுமி அண்ணன் மகளுடன் பேசாத வாரம் என்னை விட்டு அகலவில்லை. செவிவழி அவர்களே, உங்களுக்கு 64 முறை எண்ணை வாசிக்க வைத்துவிட்டேன், அது இனி நடக்காது.

கல்வெட்டுச் சிக்கலை மட்டும் சொல்லுங்கள். 1200 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்த்தேன். சிற்பம் நன்றாகவே இருக்கிறது. எழுத்து போய்விட்டது.

நெசவாளி | புதன், இரவு 9.33

அண்ணே, எழுத்தைச் சுருக்காதீர்கள், வெட்டுங்கள்.

உங்கள் 6000 பிக்சல் அகலப் படத்தில் கல்வெட்டு இருப்பது எவ்வளவு இடம்? ஒரு 900க்கு 250 இருக்கலாம். அந்தத் துண்டை மட்டும் அசல் அளவிலேயே வெட்டித் தனிப் படமாகப் போடுங்கள். 80 கேபிகூட வராது. இப்போது முழுப் படத்தை 1200ல் பார்ப்பவர் பலகையைப் பார்ப்பார், அதற்கு அடியில் துண்டைப் பார்த்து எழுத்தைப் படிப்பார். 8 எம்பி படத்தைப் போனில் திறந்தவர்கூட இரண்டு விரலால் பெரிதாக்கித் தேடித்தான் அந்த எழுத்தைக் கண்டுபிடித்திருப்பார். நீங்கள் கையைப் பிடித்துக் காட்டுகிறீர்கள்.

அசலும் வீணாக வேண்டாம். விக்கிமீடியா பொதுவகம் என்ற இலவசப் படச் சேமிப்புத் தளத்தில் ஏற்றிவிட்டுச் சுட்டி கொடுங்கள். அங்கே ஒரே படம் பல அளவுகளில் கிடைக்கும், ஆய்வு செய்பவர் முழு அளவை எடுத்துக்கொள்வார். சுட்டிக்குப் பக்கத்தில் கிளிநொச்சி நண்பர் சொன்ன மாதிரி '8 எம்பி' என்று எழுதிவிடுங்கள்.

பழைய_மோடம் | புதன், இரவு 9.50

இன்னொன்றும் சேர்க்கிறேன். கல்லெழுத்து அவர்களின் திரியில் 'அருமை' என்று எழுதிய ஏழு பேர் 64 படத்தோடு முழுப் பதிவையும் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஏழு மடங்கு டேட்டா!

நெசவாளி | புதன், இரவு 9.58

ஐயா, அதில் டேட்டா இரண்டாம் முறை போகாது, ஒருமுறை இறங்கிய படத்தைப் பிரவுசர் வைத்திருந்து காட்டும். ஆனால் சின்ன போனில் அத்தனையையும் தாண்டி அடுத்த பதிலுக்குப் போவது பெரும்பாடு. மேற்கோளில் படங்களை நீக்கிவிடுவதே நல்லது. ஒவ்வொருவர் கையொப்பத்திலும் மினுக்கும் கிஃப் படங்கள் வேறு, அவை ஆளுக்கு ஒன்று என்பதால் எல்லாமே புதிதாக இறங்கும்.

கல்லெழுத்து | வெள்ளி, இரவு 8.40

இரண்டு நாள் உட்கார்ந்தேன். 64ல் பல ஒரே சிற்பத்தை மூன்று கோணத்தில் எடுத்தவை. தேர்ந்தெடுத்தபோது 22 நின்றது. எடுத்துவிட்டதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். கல்வெட்டுத் துண்டுகள் தனியாக 9. ஒவ்வொன்றுக்கும் மாற்று உரை எழுதினேன். ஒரே பதிவில் போடாமல் ஆறு ஆறாகப் பிரித்திருக்கிறேன். மொத்தம் 5 எம்பிக்குக் கொஞ்சம் மேல். தலைப்பிலும் எழுதிவிட்டேன்.

மாற்று உரை எழுதும்போது சில பலகைகளில் நான் என்ன பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பெரியபுராணத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன்.

செவிவழி | வெள்ளி, இரவு 10.12

முழுவதும் கேட்டேன். தேர் வடிவ மண்டபத்தில் குதிரைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று மட்டும் சேர்த்துவிடுங்கள் ஐயா.

மலைமுகடு | சனி, மாலை 6.55

மேட்டில் இருக்கிறேன். ஒரு கோடுதான். நேற்று இரவே இங்கே முதல் பகுதி ஆறு படமும் வந்துவிட்டன, முதலில் மங்கலாக, பிறகு தெளிவாக. மீதியை உட்கார்ந்திருக்கும்போதே இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன், அம்மாவுடன் சேர்ந்து பார்த்தோம். காளை, யானைச் சிற்பத்தில் ஒரு பக்க உடம்பை அம்மா கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார், காளை, யானை, காளை, யானை என்று.

ஒரு கேள்வி அண்ணா. 14ஆவது படத்தில் முதலை வாயிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வருகிறதே, அது சுந்தரர் அவிநாசியில் பிள்ளையை மீட்டதுதானே? அம்மாவுக்குப் பிறந்த ஊர் அவிநாசி. படத்தைப் பார்த்ததும் "இது எங்க ஊர்க் குளம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் படத்தின் முழு அளவையும் இறக்கப் போகிறேன். 8 எம்பி என்று போட்டிருக்கிறீர்கள், நாளை ஞாயிறு, நேரம் இருக்கிறது.

கல்லெழுத்து | சனி, இரவு 7.30

அவிநாசியேதான் தம்பி. அம்மாவிடம் சொல்லுங்கள்.